மோட்டாரை உருவாமல் போர் தண்ணீரின் மட்டம் அறிவது எப்படி?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: “போர்ல தண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னு மோட்டாரை உருவாம தெரிஞ்சுக்க வழி இருக்கா சார்? கயிறு விட்டா பைப்புக்கும் வயருக்கும் நடுவுல மாட்டிக்கிடுது.”

வழி இருக்கிறது. கால் அங்குல பிளாஸ்டிக் டியூப், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு, ஒரு பிரஷர் கேஜ் ஆகிய மூன்றும் போதும். மட்டத்தைச் சொல்வது தண்ணீரின் அழுத்தம்தான்.

அழுத்தம் என்பது அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், ஆழம் இந்த மூன்றின் பெருக்கல் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு 9.8 கிலோபாஸ்கல். கடையில் கிடைக்கும் கேஜ்களில் பெரும்பாலும் பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவு இருக்கும், நம் ஊர்க் கணக்கோ அடி. ஆகவே ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: 1 பி.எஸ்.ஐ. என்றால் 2.31 அடித் தண்ணீர்.

இந்தச் சூத்திரத்தில் எதெல்லாம் இல்லை என்று பாருங்கள். அகலம் இல்லை, கொள்ளளவு இல்லை. 1959 முதல் ஆண்டிபட்டி அருகே நிற்கும் வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 71 அடி ஆழத்தில் அழுத்தம் சுமார் 31 பி.எஸ்.ஐ. உங்கள் தோட்டத்து ஆறரை அங்குல போரில் 71 அடித் தண்ணீர் நின்றாலும், அதன் அடியில் அதே 31 பி.எஸ்.ஐ.தான். மதுரைக்கே குடிதண்ணீர் தருகிற நீர்ப்பரப்பும் கை நுழையும் அளவுக் குழாயும் அடியில் ஒரே அழுத்தம்தான் தருகின்றன. எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து இன்றுவரை ஆச்சரியம் தீரவில்லை.

காரணம், தண்ணீர் அசையாமல் நிற்கிறது என்பதுதான். நிற்கும் தண்ணீருக்குப் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும் வலு கிடையாது, துளி வித்தியாசம் இருந்தாலும் நகர்ந்துவிடும். அணையின் அடியில் ஒரு துளையிட்டு, பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்றை நட்டதாக வைத்துக்கொள்வோம். அணைப் பக்கம் அழுத்தம் அதிகமாக இருந்தால் தண்ணீர் குழாய்க்குள் ஏறும். குழாய்ப் பக்கம் அதிகமென்றால் திரும்பி இறங்கும். இரண்டும் நடக்காமல் நிற்கிறதென்றால் ஒரே மட்டத்தில் அழுத்தம் சமம் என்று பொருள். வீடு கட்டும் கொத்தனார் நீண்ட டியூப்பில் தண்ணீர் நிரப்பி, இரண்டு மூலைக்கும் மட்டம் பார்ப்பது இதை நம்பித்தான்.

அப்படியானால் அணையின் அவ்வளவு எடையும் எங்கே போகிறது? அடித்தரையின் ஒவ்வொரு சதுர அங்குலமும் தன் தலைக்கு நேர் மேலே உள்ள நீர்த்தூணை மட்டும் சுமக்கிறது. 71 அடிக்கு அது ஏறத்தாழ 14 கிலோ. சரிவான கரைக்கு மேலே நிற்கும் தண்ணீரைக் கரையே தாங்கிக்கொள்கிறது. மேலே குறுகும் பானையில் இதற்கு நேர்மாறாக, சரிந்த சுவர் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்தி, இல்லாத தூணின் குறையை ஈடுகட்டுகிறது. பிளெமிஷ் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் இதை 1586-லேயே விளக்கிவிட்டார்.

இனி டியூப். அடுத்த தடவை மோட்டாரை இறக்கும்போது, டியூப்பை, தண்ணீர் மேலே வரும் டெலிவரி பைப்போடு சேர்த்துக் கட்டி இறக்குங்கள். அடிமுனை திறந்திருக்கட்டும், மோட்டாருக்குச் சில அடி மேலே நிற்கட்டும். டியூப்பின் நீளத்தை மறக்காமல் குறித்து வையுங்கள். மேல்முனையில் கேஜும் பம்பும். இறக்கியதும் போரில் உள்ள மட்டத்துக்கே டியூப்புக்குள்ளும் தண்ணீர் ஏறி நிற்கும். காற்றடிக்க அடிக்க அந்தத் தண்ணீர் கீழே தள்ளப்படும், கேஜின் முள் ஏறிக்கொண்டே போகும். கடைசிச் சொட்டும் வெளியேறிய பிறகு, நீங்கள் எவ்வளவு அடித்தாலும் காற்று குமிழியாக வெளியே போகுமே தவிர முள் ஏறாது. முள் நிற்கும் அந்த எண், டியூப் முனைக்கு மேலே உள்ள தண்ணீரின் அழுத்தம். வளிமண்டலம் போரின் தண்ணீரையும் அழுத்துகிறது, கேஜையும் வெளியிலிருந்து அழுத்துகிறது. அதனால் அதன் கணக்கு தானாகவே கழிந்துவிடும்.

டியூப் 300 அடி, முள் 30-ல் நின்றது என்று வையுங்கள். 30-ஐ 2.31-ஆல் பெருக்கினால் 69 அடி. தண்ணீர் தரையிலிருந்து 231 அடியில் இருக்கிறது. மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்க்கும்போது முள் 12 காட்டினால், டியூப்புக்கு மேலே 28 அடிதான் பாக்கி. மட்டம் 40 அடிக்கு மேல் இறங்கியிருக்கிறது, மோட்டாரை நிறுத்துவது நல்லது. டியூப்பில் அடைபட்ட காற்றின் சொந்த எடையால் வரும் பிழை இந்த ஆழத்தில் ஒரு அடிக்கும் குறைவு. ஆனால் கேஜை டெலிவரி பைப்பில் மாட்டி இந்தக் கணக்கைப் போடக்கூடாது. அங்கே தண்ணீர் ஓடுகிறது, உராய்வும் வேகமும் உள்ளே வந்துவிடும்.

உள்ளங்கையில் தேங்காயை வைத்து, அது எழுந்து நிற்கும் இடத்தில் போர் போடும் வழக்கம் நம் பக்கம் இன்னும் ஓயவில்லை. தேங்காயை எழுப்புவது நம்மை அறியாமல் அசையும் கைத்தசை. அதற்குத் தட்சணை கொடுப்பதைவிட இருக்கிற போரை அளப்பது மேல். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகள் வைத்து மட்டம் பார்க்கிறது. அழுத்தத்தைச் சிலிக்கான் தகட்டின் நெளிவாக அளக்கும் தானியங்கிக் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. ஊராட்சிக்கு ஒன்று வைத்து, அந்த எண்ணைக் கிராம சபையில் வாசிக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதுப்புதுப் போர்களுக்குக் கொட்டும் காசில் இது மிகச் சிறிய பங்கு.

உசிலம்பட்டி நண்பருக்குக் கடைசியாக ஒன்று. அடிப்பதை நிறுத்தியதும் முள் அப்படியே நிற்க வேண்டும். மெல்ல மெல்ல இறங்கினால் டியூப்பிலோ இணைப்பிலோ கசிவு இருக்கிறது. முதலில் மேலே உள்ள இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.