ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பாக்டீரியாவுக்குள் இருக்கும் வைரஸ் என்ன ஆகும்?

வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது என்பது உண்மைதான். ஆனால் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜ் விஷயத்தில் அது பாதி உண்மை. ஃபேஜுக்குச் சொந்தமாக, புரதம் செய்யும் கருவியான ரைபோசோம் கிடையாது. பாக்டீரியாவின் கருவிகளைக் கொண்டுதான் அது பெருகியாக வேண்டும். அந்தக் கருவி முடங்கினால் ஃபேஜும் சிக்கிக்கொள்ளும். எந்த நிமிடத்தில் முடங்குகிறது என்பதுதான் முக்கியம்.

ஈ.கோலை பாக்டீரியாவில் டி4 ஃபேஜை எடுத்துக்கொள்வோம். 37 டிகிரி செல்சியஸில், தொற்றிய சுமார் 5 நிமிடத்தில் அதன் டிஎன்ஏ படியெடுப்பு தொடங்கும். சுமார் 25 நிமிடத்தில் செல் வெடிக்கும். புரத உற்பத்தியை நிறுத்தும் குளோராம்பெனிகாலைத் தொற்றும்போதே சேர்த்தால், டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதிகளே உருவாகாது. புது ஃபேஜ் டிஎன்ஏ துளியும் வராது. அதே மருந்தை 10 நிமிடம் கழித்துச் சேர்த்துப் பாருங்கள். நொதிகள் ஏற்கெனவே தயார் என்பதால் டிஎன்ஏ பெருகிக்கொண்டே போகும். அதை அடைக்கும் புரத உறைதான் போதிய அளவு கிடைக்காது.

பலரும் ஏமாறுவது இங்கேதான். பாக்டீரியா வளர்த்த தட்டில் ஃபேஜ் அவற்றைக் கொன்று உண்டாக்கும் தெளிந்த புள்ளிகளான பிளேக்குகளை மட்டும் எண்ணினால் இரண்டு சோதனைகளிலும் ஃபேஜ் பெருகவில்லை என்றே தோன்றும். டிஎன்ஏவைத் தனியாக அளந்தால்தான் வித்தியாசம் தெரியும். மாதிரியை நன்றாக நீர்க்கச் செய்யாமல் தட்டில் ஊற்றினால், ஒட்டிவந்த மருந்து அங்குள்ள பாக்டீரியாவையும் வளரவிடாது. எண்ணிக்கையே பயனற்றுப் போகும்.

ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக், மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் பாக்டீரியாவின் ஆர்என்ஏ பாலிமரேஸ் நொதியைப் பிடித்துக்கொள்கிறது. டி4 கடைசிவரை அந்த நொதியையே நம்பியிருப்பதால் சற்றுத் தாமதமாகச் சேர்த்தாலும் அடி விழும். டி7 என்ற இன்னொரு ஃபேஜ் அப்படியல்ல: முதல் சில நிமிடங்களில் தனக்கென ஒரு பாலிமரேஸைச் செய்துகொள்கிறது, அதை ரிஃபாம்பிசின் தொடாது. மருந்தை எதிர்க்கும் திரிபுள்ள பாக்டீரியாவிலும் சோதனையைத் திரும்பச் செய்வது நல்லது. அதில் டி4 வளர்ந்தால், மருந்து பாக்டீரியாவின் நொதி வழியாகவே வேலை செய்தது உறுதி.

சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் நேர் எதிரான வேலையும் செய்யும். டிஎன்ஏவை வெட்டி மீண்டும் ஒட்டும் கைரேஸ் என்னும் நொதியை, அது வெட்டிய நிலையிலேயே நிறுத்திவிட, பாக்டீரியாவின் டிஎன்ஏ உடைகிறது. உடைந்த இடத்தில் ரெக்ஏ புரதம் திரள்கிறது. பாக்டீரியாவின் டிஎன்ஏவுக்குள் உறங்கிக் கிடக்கும் லாம்டா போன்ற ஃபேஜை அடக்கி வைத்திருக்கும் புரதம் ரெக்ஏவின் தூண்டுதலால் தானே அறுபட, ஃபேஜ் விழித்துப் பெருகத் தொடங்குகிறது. ஈ.கோலை ஓ157 வகையில் ஷிகா நச்சின் மரபணு இப்படிப்பட்ட ஃபேஜுக்குள்தான் இருக்கிறது. ஃபேஜ் விழித்தால் நச்சும் கூடும், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். இந்தத் தொற்று என்று சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் பொதுவாக ஆன்டிபயாட்டிக்கைத் தவிர்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.