நிலத்துக்குச் சான்றிதழ் ஒருமுறை, காலுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை

மிதிவெடி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிதாக எதுவும் இருக்காது. இலங்கையில் புதைக்கப்பட்ட வகைகளில் ஒன்றான சீனாவின் ரைப் 72 சப்பாத்துப் பொலிஷ் டப்பா அளவிலான பிளாஸ்டிக் வட்டு. குறுக்களவு 78 மில்லிமீட்டர், உயரம் 38 மில்லிமீட்டர், உள்ளே ஏறத்தாழ 50 கிராம் வெடிமருந்து. மேல்மூடியில் சில கிலோ எடை விழுந்தால் போதும், அடியில் உள்ள ஊசி, வெடிப்பைத் தொடக்கும் டெட்டனேட்டரைக் குத்திவிடும். பெரிய ஆளா, ஆட்டுக்குட்டியின் பின்னால் ஓடும் பிள்ளையா என்று அதற்குத் தெரியாது. யுத்தம் முடிந்ததும் தெரியாது.

இதைவிட முக்கியமானது அதில் இல்லாத ஒன்று, இரும்பு. ஊசி, டெட்டனேட்டரின் மெல்லிய குழாய் ஆகியவற்றைத் தவிர உலோகம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதனால்தான் மண்ணுக்கடியில் இதைத் தேடுவது இவ்வளவு சிக்கல். 1996இல் திருத்தப்பட்ட சர்வதேச நெறிமுறை ஒன்று, ஒவ்வொரு மிதிவெடியிலும் குறைந்தது 8 கிராம் இரும்புக்கு ஈடான சமிக்ஞை தரும் உலோகம் இருக்கவேண்டும் என்று விதித்தது. அதாவது புதைக்கலாம், ஆனால் கண்டுபிடிக்கக்கூடியதாகப் புதைக்கவேண்டும். இந்த அரைகுறை ஒழுங்கு ஒத்துவராது என்று கண்ட நாடுகளும் அமைப்புகளும் 1997இல் முழுத்தடையைக் கொண்டுவந்தன. அந்த வருட நோபல் சமாதானப் பரிசு, கண்ணிவெடிகளைத் தடை செய்வதற்கான சர்வதேச இயக்கத்துக்கும் அதன் இணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் கிடைத்தது.

ஒட்டாவா ஒப்பந்தம் என்று அழைக்கப்படும் அந்தத் தடை 1999 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பலம் அது வைத்த காலக்கெடுவில் இருக்கிறது. சேர்ந்த நாடு 4 வருடத்தில் கையிருப்பை அழிக்கவேண்டும், 10 வருடத்தில் புதைத்ததை அகற்றவேண்டும். செய்தது, செய்யாதது எல்லாவற்றையும் வருடாவருடம் எழுத்தில் கொடுக்கவேண்டும். இதுவரை 5 கோடி 50 இலட்சத்துக்கும் அதிகமான மிதிவெடிகள் களஞ்சியங்களிலேயே அழிக்கப்பட்டிருக்கின்றன. இவை எந்த மண்ணுக்கும் போகாத வெடிகள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் இன்றுவரை சேரவில்லை. வாகனங்களுக்கு எதிரான கண்ணிவெடியும் இந்தத் தடைக்குள் வராது. 2025இல் எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்தும் ரஷ்யாவைக் காரணம் காட்டி விலகுவதாக அறிவித்தன. இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன் அகற்றல் கெடு 2028 ஜூன் 1.

கொத்துக்குண்டின் கதை வேறு. அது காத்திருப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, விழுந்த கையோடு வெடிப்பதற்காகச் செய்யப்பட்டது. ஒரு கொள்கலன் ஆகாயத்தில் திறந்து பத்துக்கணக்கில், சிலவேளை நூற்றுக்கணக்கில் சிறுகுண்டுகளைக் கொட்டும். சில வகைகளில் ஒவ்வொரு சிறுகுண்டின் வாலிலும் ஒரு நாடா இருக்கும். விழும்போது நாடா காற்றில் சுழன்றால்தான் வெடிகலம் ஆயத்தமாகும். நாடா மரக்கொப்பில் சிக்கினாலும், குண்டு சேற்றில் மெத்தென்று விழுந்தாலும், சரிந்த கோணத்தில் தரையைத் தொட்டாலும் வெடிக்காது. அது பழுதாகிப் போனதும் அல்ல, அரைவாசி ஆயத்தமாகி நிற்கிறது. செய்தவர்கள் நூற்றுக்கு ஒன்று தவறும் என்பார்கள், களத்தில் அது பத்தையும் தாண்டும். 2008இல் டப்ளினில் ஏற்கப்பட்ட கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தம் 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2018 மார்ச்சில் சேர்ந்து, 2019இல் உறுப்புநாடுகள் கூட்டத்துக்குத் தலைமையும் தாங்கியது.

இனி கிழக்கிலங்கையின் மட்டக்களப்புக்கு வருவோம். 2007இல் கிழக்கில் சண்டை ஓய்ந்தபோது வாகரை, கிரான், குடும்பிமலைப் பக்கம், படுவான்கரைக் கிராமங்கள் எல்லாம் ஆட்கள் திரும்பிவரக் காத்திருந்த இடங்கள். அம்பாறையில் கஞ்சிகுடிச்சாற்றுப் பக்கக் காடுகளும் அப்படித்தான். வெடிகள் பெரும்பாலும் காம்புகளை, அதாவது முகாம்களைச் சுற்றியும், காவலரண் வரிசைகளின் முன்னாலும், பாதையோரப் பற்றைகளிலும் கிடந்தன. இராணுவத்தின் வெடிகள் வரிசையில் புதைக்கப்பட்டவை, வரைபடம் இருக்கும். புலிகளின் ஜொனி போன்ற வெடிகளுக்குப் பல இடங்களில் வரைபடமே இல்லை.

காம்பு இருந்த இடத்தில் உலோகம் தேடும் கருவி ஏன் திணறும்? கருவியின் சுருளில் ஓடும் மின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்குள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, அதன் எதிர்ப்புலம் திரும்பிவந்து காதில் ஒலியாகிறது. முள்ளுக்கம்பித் துண்டு, வெற்றுத் தோட்டா, பேணித் தகரம், செல் சிதறல் எல்லாம் ஒரே ஒலிதான். மிதிவெடியின் ஊசி அவற்றைவிட மெல்லியதாகத்தான் ஒலிக்கும். வாவியோர உப்பு மண்ணோ இன்னொரு தொல்லை. ஈரமான உப்பு தானே மின்சாரத்தைக் கடத்துவதால் கருவி சும்மா முனகிக்கொண்டிருக்கும். உணர்திறனைக் குறைத்தால் முனகல் நிற்கும், கூடவே ரைப் 72இன் ஒலியும் நின்றுவிடும்.

இப்படியான மண்ணுக்கு இலங்கையிலேயே உருவாகி வளர்ந்த வழிதான் வறாண்டி முறை. வறாண்டி என்பது பிடியின் நுனியில் பற்கள் வைத்த, மண்ணை வாரி இழுக்கும் கருவி. வடக்கில் நோர்வே மக்கள் உதவி அமைப்பு இதைச் செம்மைப்படுத்தியது. கருவியை நம்பாமல் மண் முழுவதையும் கிளறி எடுப்பதுதான் இதன் கொள்கை. ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்தில் பாதை ஒன்று வெட்டுவார்கள். முன்எல்லையில் நிறம் பூசிய தடி ஒன்று குறுக்காகக் கிடக்கும். நீண்ட பிடியுள்ள பாரமான வறாண்டி மண்ணை உடைக்கும், மெல்லிய பற்களுள்ள மற்றது உடைந்த மண்ணைப் பின்னுக்கு இழுக்கும். இழுவிசை பக்கவாட்டில் வருவதால் வெடியின் மேல்மூடியில் அமுக்கம் விழாது. வெடி பக்கமாகப் புரண்டு வெளிவரும் அல்லது அதன் விளிம்பு தெரியும். தெரிந்த கணமே கை நிற்கவேண்டும். தவறி வெடித்தாலும் பிடியின் நீளம் முகத்துக்கும் வெடிக்கும் இடையே தூரத்தைத் தருகிறது. மீதியை 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள பொலிகாபனேற் முகக்கவசமும் மார்புக்கவசமும் தாங்கவேண்டும். கிளறிய ஆழத்தை அளவுக்கோலால் பார்ப்பார்கள், பணித்திட்டத்தைப் பொறுத்து 10 முதல் 20 சென்டிமீட்டர் வரும்.

மணலில் இது அழகாக நடக்கும். காய்ந்த களிமண்ணில் வறாண்டி துள்ளும், துள்ளினால் பற்கள் மேலிருந்து குத்தும், அதுதான் ஆபத்து. அதற்காக முதல்நாள் பின்னேரமே தண்ணீர் ஊற்றி ஊறவைப்பார்கள். கசுமர (முந்திரி) வேர் வந்தால் வறாண்டியால் இழுக்கக்கூடாது, கத்தரியால் வெட்டவேண்டும். வேர் ஓரிடத்தில் இழுபட, வெடி வேறோர் இடத்தில் அசையும். பற்றை கூடிய இடத்தில் ஒருவர் ஒருநாளில் பத்துச் சதுர மீட்டர் முடித்தால் நல்ல வேலை. வரிசையாக வெடி வரும்போது ஒரு இடம் மட்டும் வெறுமையாக இருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. மாடு மிதித்திருக்கலாம், வெள்ளம் கொண்டுபோயிருக்கலாம், யாரோ எடுத்திருக்கலாம். அந்த வெறுமைக்கு விளக்கம் கிடைக்கும்வரை சுற்றிலும் கூடுதலாகக் கிளறவேண்டும்.

வெள்ளம் கொண்டுபோகும் என்பது வெறும் பயம் அல்ல. ரைப் 72இன் எடை 150 கிராமுக்கு உட்பட்டது. மேலே சொன்ன அளவில் அதன் கனஅளவு 180 கன சென்டிமீட்டர் வரும். விளிம்புச் சரிவுக்குக் கொஞ்சம் கழித்தாலும் அடர்த்தி தண்ணீருக்குக் கிட்டவே நிற்கும். 2011 ஜனவரியில் மட்டக்களப்பையும் அம்பாறையையும் மூடிய வெள்ளம் போன்ற ஒன்றில் இது மிதக்கும் அல்லது உருளும். வரைபடத்தில் குறித்த இடம் அதன்பிறகு வெறும் குறிப்புத்தான்.

2017 ஜூனில் மட்டக்களப்பு கண்ணிவெடி ஆபத்து நீங்கிய மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. நாடு ஒப்பந்தத்தில் சேர்வதற்கு அரைவருடம் முன்பே. அதன்பிறகும் கிணறு வெட்டும்போதோ வயல் உழும்போதோ வெடிக்காத செல்லோ மோட்டார்க் குண்டோ கிளம்பலாம். கண்டவர் வந்த அடியிலேயே திரும்பி, தூரத்தில் தடியோ துணியோ அடையாளம் வைத்து பொலிஸின் 119 இலக்கத்துக்குச் சொல்வதோடு அவர் வேலை முடிகிறது.

ஆக, நிலத்தின் கணக்கை மூடலாம். காயப்பட்டவரின் கணக்கு அப்படி அல்ல. வெடித்தபோது பாதம் பொடியாவது மட்டுமல்ல, மண்ணும் செருப்புத் துண்டும் எலும்புச் சிதறலும் தசை இடுக்குகள் வழியே மேலேறுகின்றன. தோலில் தெரிவதைவிட உள்ளே சேதம் உயரத்தில் இருக்கும். அதனால் நல்ல சத்திரசிகிச்சை நிபுணர் முதல்நாளே காயத்தைத் தைத்து மூடமாட்டார். செத்த சதையை வெட்டி எடுத்துத் திறந்தபடி கட்டி, நாலைந்து நாளில் பார்த்து மூடுவார். அவசரப்பட்டுத் தைத்தால் உள்ளே சீழ் பிடிக்கும், அடுத்த வெட்டு முழங்காலுக்கு மேலே போகும். முழங்கால் தப்பினால் வயல்வரம்பில் நடக்கலாம், போனால் நடையின் சக்திச்செலவு வெகுவாகக் கூடும். கட்டிலில் கிடக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பதும் கெடுதல், சுகமாக இருக்கும், ஆனால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும்.

செயற்கைக்காலில் முக்கியமானது பாதம் அல்ல, எஞ்சிய கால் இறங்கும் சொக்கெட். சாந்துக்கட்டால் (பிளாஸ்டர்) காலின் அச்சை எடுத்து, அதற்குள் சாந்து வார்த்து, எடை தாங்கக்கூடிய இடங்களில் செதுக்கி, எலும்பு முட்டும் இடங்களில் சாந்து சேர்ப்பார்கள். பிறகு பொலிப்ரொபிலீன் தகட்டை அடுப்பில் இளக்கி அதன்மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சினால் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பரப்பிய இந்த முறை மலிவானது, தண்ணீரில் கெடாது. முதல் வருடத்தில் எஞ்சிய கால் வற்றும், சொக்கெட் ஆடும். கூடுதல் காலுறை போட்டுச் சமாளிக்கலாம். நாலைந்து போட்டும் ஆடினால் புதுச் சொக்கெட்தான். சித்திரை வெயிலில் வியர்வையில் ஊறிய காலுறையோடு வயலில் நின்றால் பின்னேரம் தோல் உரிந்திருக்கும், மத்தியானம் ஒருதரம் கழற்றித் துடைத்து மாற்றுவது மருந்தைவிட மேல்.

வளர்ந்தவருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு கால், பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று என்பது பொதுக் கணக்கு. இருபது வயதில் காலை இழந்து எழுபது வரை வாழ்பவருக்குப் பதினேழு கால் வேண்டும். பிள்ளைகளில் வெட்டிய எலும்பு தொடர்ந்து வளர்ந்து தோலைக் குத்துவதால் மறுபடி சத்திரசிகிச்சையும் வரும். ஒட்டாவா ஒப்பந்தம் இதைப்பற்றி, உதவக்கூடிய நிலையில் உள்ள நாடுகள் உதவட்டும் என்ற தொனியில்தான் பேசுகிறது, கெடு இல்லை. கொத்துக்குண்டு ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு இதைவிட நேர். பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, தேசியத் திட்டமும் பணமும் கால அட்டவணையும் வைக்கச் சொல்கிறது. ஆனால் அது கொத்துக்குண்டால் பாதிக்கப்பட்டவருக்கு எழுதியது, மட்டக்களப்பில் காலை எடுத்ததோ மிதிவெடி. ஒரே பட்டறையில் ஒரே சொக்கெட் செய்யும்போது இந்தப் பிரிவினைக்கு அர்த்தமில்லை. அதே பிரிவும் கொத்துக்குண்டால் பாதிக்கப்பட்டவருக்கும் வேறு காரணத்தால் காயப்பட்டவருக்கும் இடையே பாகுபாடு காட்டக்கூடாது என்றுதான் சொல்கிறது.

அளவு கொடுக்கப் போகிறவர்கள் தினமும் போடும் செருப்பைக் கையோடு கொண்டுபோகவேண்டும். பாதத்தின் கோணம் அதன் குதி உயரத்துக்கே சரிசெய்யப்படுகிறது. பிறகு தடித்த குதிக்கு மாறினால் முழங்கால் முன்னுக்குத் தள்ளுப்படும், தட்டையானதுக்கு மாறினால் பின்னுக்கு இழுபடும். வெறுங்காலோடு வயலில் இறங்குபவர் என்றால் அதையும் முதலே சொல்லவேண்டும், அவருக்குக் குதி வைத்த பாதம் சரிவராது.