கசங்கிய கொழுந்தில் பிறக்கும் வாசம்

தேயிலைச் செடியில் நிற்கும் இலையை அப்படியே முகர்ந்து பார்த்தால் பெரிதாக ஒரு வாசமும் வராது. அதே இலையைக் கிள்ளி விரலிடுக்கில் நசுக்குங்கள். பச்சை வாடை குப்பென்று ஏறும். புல் வெட்டிய இடத்தில் வருகிற அதே வாடைதான். இலைக்குள் அடைபட்டுக் கிடந்த வாசம் வெளியே வந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நசுங்கிய பிறகுதான் இலை அதைத் தயாரிக்கவே தொடங்குகிறது. சில வினாடிகளில் தயாரித்தும் விடுகிறது.

அதற்கான மூலப்பொருள் கொழுப்பு. இலையில் ஏது கொழுப்பு என்று கேட்கலாம். இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணிகளுக்குள் மென்சவ்வுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்தச் சவ்வுகளின் கொழுப்பில் நிறைய இருப்பது லினோலெனிக் அமிலம். 18 காபன் அணுக்களை மணிச்சரம் போலக் கோத்த நீண்ட மூலக்கூறு அது. இடையில் மூன்று இரட்டைப் பிணைப்புகள். இவ்வளவு பாரமானது காற்றில் எழும்பாது, காற்றில் எழும்பாதது மூக்குக்கும் எட்டாது. வாசம் வேண்டுமென்றால் அதை வெட்டியாக வேண்டும்.

வெட்டுகிற வேலை நொதியங்களுடையது; உயிர்களுக்குள் வேதிமாற்றங்களை விரைவாக்கும் புரதங்கள் அவை. இலையின் கலம், அதாவது செல், கிழிந்ததும் ஒரு நொதியம் கொழுப்பமிலத்தைச் சவ்விலிருந்து கழற்றிவிடுகிறது. அடுத்து வருவது லிப்பொக்சிசனேஸ். நடுவில் ஓர் இரும்பு அணுவை வைத்திருக்கும் இந்த நொதியம், ஒட்சிசன் மூலக்கூறு ஒன்றை எடுத்துச் சரத்தின் 13ஆவது காபனில் பொருத்துகிறது. 18 இடங்கள் இருக்க, குறிப்பாக அந்த ஓரிடத்தில்! நொதியத்தின் உட்குழிவு கொழுப்பமிலத்தைப் பிடித்திருக்கும் விதம் அப்படி. இப்போது அது ஐதரோபேரொட்சைட்டு. மூன்றாவதாக வரும் லயேஸ் நொதியம், 12க்கும் 13க்கும் இடையில் வெட்டுகிறது. 12 காபன் உள்ள துண்டு இலையிலேயே தங்கிவிடும். மிச்சமுள்ள 6 காபன் துண்டு பறந்துவிடும். சிஸ்-3-ஹெக்சினல் என்பது அதன் பெயர். நம் மூக்கில் ஏறிய பச்சை வாடை பெரும்பாலும் இதுதான்.

இதுவும் நிலைத்து நிற்பதில்லை. ஒரு பகுதி உருமாறி டிரான்ஸ்-2-ஹெக்சினல் ஆகிறது. இன்னொரு பகுதியை வேறொரு நொதியம் ஹெக்சினோல் என்ற அல்ககோலாக மாற்றுகிறது. அதன் வாடை கொஞ்சம் மென்மையானது. ஜெர்மனியில் கூர்ட்டியசும் பிரான்சனும் 1912 வாக்கில் டிரான்ஸ்-2-ஹெக்சினலை இலைகளிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். கொழுப்பமிலத்திலிருந்து அது வருகிற வழியைப் பின்னாளில் துலக்கியவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் ஹதனக்கா. அவர் எடுத்துக்கொண்ட இலைகளில் ஒன்று தேயிலை.

எல்லாம் நொதியத்தின் வேலைதானா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு கொழுந்தைக் கொதிநீரில் நன்றாக முக்கி எடுத்து, ஆறவிட்டு நசுக்குங்கள். கீரை வேகிற வாடை வரும்; அந்தக் குப்பென்ற பச்சை வாடை வராது. கொழுப்பு அப்படியேதான் இருக்கிறது. சூட்டில் நொதியம் குலைந்துவிட்டது, அவ்வளவுதான். கிரீன் டீக்கு முதல் வேலையாக இலையைச் சூடாக்குவதும் நொதியங்களை நிறுத்தத்தான்.

செடி இதை நமக்காகச் செய்யவில்லை. இந்த 6 காபன் பொருட்கள் காயத்தின் வழியே நுழையப் பார்க்கும் நுண்ணுயிர்களைத் தடுக்கும். இலை தின்னும் புழுவின் எதிரியான குளவிக்கு வழிகாட்டும். அதே ஐதரோபேரொட்சைட்டை இன்னொரு நொதியம் எடுத்துக்கொண்டால் அது ஜஸ்மோனிக் அமிலமாகும் பாதையில் போகும். செடியின் மற்றப் பகுதிகளுக்கு ஆபத்தை அறிவிப்பது அதுதான்.

சரி, ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு வருவோம். கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டுப் பல மணி நேரம் வாட்டுவார்கள். வாடும்போதே சவ்வுகள் தளர்ந்து கொழுப்பமிலம் கழலத் தொடங்கும். அப்புறம் ரோலரில் அரைபடும்போது கலங்கள் மொத்தமாகக் கிழிய, நொதியங்கள் முழு வேகத்தில் இறங்கும். இலையைச் செம்பு நிறமாக்கும் வேலையும் பக்கத்திலேயே நடக்கும்; அது வேறு நொதியம், வேறு மூலப்பொருள். கடைசியில் சூடான காற்று எல்லாவற்றையும் நிறுத்தி, பச்சை வாடையிலும் பெரும்பங்கைக் கொண்டுபோய்விடும். மிச்சமிருப்பது தேநீருக்கு ஒரு புத்துணர்வைத் தரும். அளவு கூடினால் கோப்பையில் புல் வாடை அடிக்கும். லினலூல், ஜெரனியோல் போன்ற பூ வாசப் பொருட்கள் மேலோங்கி, பச்சை வாடை அடங்கி நின்றால்தான் நல்ல தேயிலை.

அதனால்தான் பறிக்கும் கை முக்கியம் என்கிறேன். பையில் அமுக்கித் திணித்த கொழுந்து, நிறுவைக்கு வருமுன்பே கசங்கிச் சூடேறி, ஸ்டோரில் நடக்கவேண்டியதை வழியிலேயே தொடங்கிவிடும். அமுக்காதே என்று சொல்வது எளிது. கிலோ கணக்குக்கு ஓடும் பெண்ணுக்கு, கொழுந்தைத் தளர்வாகக் கொண்டுவர நேரமும் கூடுதல் பையும் கொடுக்க வேண்டும். தேயிலையின் தரம் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இலங்கையின் ஊவா மாகாணத்தின் கதை கொஞ்சம் வேறு. ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட கச்சான் காற்று பதுளை, பண்டாரவளைப் பக்கம் வீசும்போது, அங்குள்ள தேயிலையில் தைலம் போன்ற குளிர்ந்த வாசம் ஏறும். அது மெத்தில் சலிசிலேற்று. கொழுப்பமிலத்திலிருந்து வருவதல்ல, சலிசிலிக் அமிலத்திலிருந்து இன்னொரு நொதியம் ஆக்குவது. செடி வாடி வருந்தும் அந்தக் காலத்து ஊவாத் தேயிலையைத்தான் கொழும்பு ஏலத்தில் தேடி வாங்குகிறார்கள்.