பர்ன்அவுட்: பணிச்சலிப்பு

கோவையில் ஒரு மருத்துவக் கருத்தரங்கு அழைப்பிதழ். 'பெண் மருத்துவர்களின் பணி நிறைவும் மனச்சோர்வும்' என்று தலைப்பு. ஐசியு டாக்டர்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலைத் திருப்தியிலும் பர்ன்அவுட்டிலும் என்ன வித்தியாசம் என்பதுதான் விஷயமாம். பணி நிறைவு என்றால் நம்மூரில் ரிட்டயர்மென்ட்டுங்க, சால்வை போட்டு அனுப்புகிற விழா! 'பணி மனநிறைவு' என்று போட்டிருந்தால் தீர்ந்தது.

பர்ன்அவுட் என்றால் எரிந்து தீர்ந்து அணைவது; வேலை பார்த்துப் பார்த்து ஆளே அப்படி ஆகிப்போவதைச் சொல்கிறார்கள். நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-இல் இலவச மருத்துவமனை ஊழியர்களைப் பற்றி எழுதிய பிறகு பரவிய சொல். பூர்வீகம் அவ்வளவுதான்.

இதற்குப் போய் மனச்சோர்வு என்று எழுதுகிறார்களே, அது டிப்ரஷனுக்கு என்றே நிலைத்துவிட்ட சொல். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியல் பர்ன்அவுட்டை நோயாகவே சேர்க்கவில்லை, வேலையால் வரும் நிலை என்கிறது. மனச்சோர்வு என்று பெயர் வைத்தால் அந்த டாக்டர் கையில் மாத்திரைச் சீட்டைக் கொடுப்பார்கள், நைட் டூட்டி லிஸ்ட்டை ஒருத்தரும் தொட மாட்டார்கள்.

சரி, 'பணிச்சோர்வு'? அதுவும் பாதிதான். உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் வெளியிட்ட பர்ன்அவுட் அளவுகோலில் மூன்று கூறுகள்: உள்ளுக்குள் வற்றிப்போவது, நோயாளியை ஆளாகப் பார்க்காமல் 'ஆறாம் பெட் என்னாச்சு' என்று கேட்கிற அளவுக்கு ஒட்டாமல் போவது, செய்து என்ன பிரயோசனம் என்ற எண்ணம். பிரான்சின் ஐசியு டாக்டர்களிடம் எடுத்து 2007-இல் வெளியான ஆய்வில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கடுமையான பர்ன்அவுட், பெண்களுக்குக் கூடுதல். ஆனால் பல தொழில்களையும் சேர்த்துப் பார்த்த 2010 தொகுப்பாய்வில், பெண்களுக்கு வற்றிப்போவது கொஞ்சம் அதிகம், ஆண்களுக்கு ஒட்டாமல் போவது அதிகம். சோர்வு என்றே எழுதினால் முதல் கூறு மட்டும்தான் கண்ணில் படும், அப்புறம் 'பொம்பளப் புள்ளைங்க தாங்கறதில்லைங்க' என்று ஒரு முடிவு. நோயாளியின் உறவினரிடம் எரிந்து விழுகிற ஆண் டாக்டரோ 'அவரு அப்படித்தானுங்க' என்று தப்பித்துக்கொள்வார்.

சலிப்பு என்று சொல்லிப் பாருங்கள். 'நடந்து நடந்து காலு சலிச்சுப் போச்சு' என்றால் அலுப்பு, 'இந்தப் பொழப்பே சலிச்சுப் போச்சு' என்றால் வெறுப்பும் விலகலும். இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது, அதனால் பணிச்சலிப்பு. வெறும் போரடிப்பு என்று நினைத்துக்கொள்வார்களே என்பவர்கள், முன்னால் 'பணி' நிற்பதைக் கவனிக்கட்டும்.

ஒட்டாமல் போவது என்ற அந்த இரண்டாவது கூறுக்கு, ஆங்கிலத்தில் டிபர்சனலைசேஷன், 'ஆளுமை நீக்கம்' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். யாரை எந்தப் பதவியிலிருந்து நீக்கினார்களோ! மரத்துப்போதல் என்று எழுதினால் என்னங்க?