"ஏரியா எப்படிங்க?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வீட்டு முகவர் சொல்வது

சிங்கப்பூரில் வீடு தேடும்போது, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே நம்மவர்கள் கேட்டுவிடும் கேள்வி இது: "ஏரியா எப்படிங்க, சேஃபா?" ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த குடும்பம் என்றால், "ராத்திரி பத்து மணிக்கு எம்ஆர்டி ரயில்ல இறங்கி தனியா நடந்து வரலாமாண்ணா?" என்று அந்த வீட்டுப் பெண் இன்னொரு முறை கேட்பார். வரலாம். செங்காங்கிலும் வரலாம், ஜூரோங்கிலும் வரலாம். அந்த ஒரு பயத்துக்காக வேறு பேட்டையில் மாதம் இருநூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

ஈசூன் என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எங்கே விபரீதமாக ஏதாவது நடந்தாலும் "ஈசூன்தானே?" என்று இணையத்தில் கேலி செய்து செய்தே அந்தப் பெயர் வந்தது. அங்கே பல குடும்பங்களைக் குடிவைத்திருக்கிறேன்; கேலியைத் தவிர வேறு தொல்லை என்று யாரும் சொன்னதில்லை. லிட்டில் இந்தியா என்றால் 2013 டிசம்பர் 8 கலவரத்தை இன்னும் நினைவு வைத்துக் கேட்கிறார்கள். அந்தக் கலவர விசாரணையின்போதே அன்றைய காவல்துறை ஆணையர், கேலாங் வட்டாரம்தான் தனக்கு அதிகக் கவலை தருகிறது என்றார். 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின் இரண்டு இடங்களிலுமே வார இறுதியில் பொது இடத்தில் குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வீடு எடுப்பவருக்கு இன்றைக்கு உண்மையான பிரச்சினை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் கார் நிறுத்த இடமும்தான்.

2024இல் திருட்டு, அடிதடி, மானபங்கம் போன்ற நேரடிக் குற்றங்கள் தீவு முழுக்கச் சேர்த்தும் 20,000ஐத் தொடவில்லை. அதே ஆண்டு மோசடிச் சம்பவங்கள் 51,500க்கும் மேல்; போன பணம் கிட்டத்தட்ட 110 கோடி வெள்ளி. அவற்றில் ஏறக்குறைய பத்துக்கு எட்டில், ஏமாந்தவரே தன் கையால் பணத்தை அனுப்பியிருக்கிறார். இதற்கு எந்தப் பேட்டையில் குடியிருந்தால் என்ன?

என் தொழிலை ஒட்டியே நடப்பது வாடகை மோசடி. உண்மையான விளம்பரத்திலிருந்து படங்களை எடுத்து, வாடகையை மட்டும் குறைத்துப் போடுவார்கள். நாலறை வீடு மூவாயிரத்தைத் தாண்டி ஓடும் இடத்தில் 2,100 வெள்ளி! வாட்ஸ்அப்பில் கேட்டால் உடனே பதில் வரும்: "உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். மாலையில் இன்னும் மூன்று பேர் பார்க்க வருகிறார்கள். ஒரு மாத முன்பணம் போட்டால் உங்களுக்குப் பிடித்து வைக்கிறேன்." கூடவே ஒரு முகவர் அட்டையின் படம். அட்டையும் பெயரும் பதிவு எண்ணும் உண்மையாகவே இருக்கும், ஏனென்றால் அவை வேறு யாரோ ஒரு அப்பாவி முகவருடையவை. தொலைபேசி எண் மட்டும் மோசடிக்காரருடையது. சென்னையில் உட்கார்ந்துகொண்டே, குழந்தைகளோடு வந்து இறங்குவதற்குள் வீடு பிடித்துவிட வேண்டும் என்று தவிப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். படிக்க வரும் மாணவர்களும்.

ஆகவே பதிவு எண் சரியா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். முகவர்களைப் பதிவு செய்யும் சிஇஏ அமைப்பின் பொதுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. உங்களிடம் பேசும் தொலைபேசி எண்ணை அதில் தேடுங்கள். எண் வரவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அப்புறம், பலருக்குத் தெரியாத விதி ஒன்று: வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாடகைப் பணத்தை முகவர் கையால் தொடவே கூடாது. முன்பணமோ மாத வாடகையோ, நேராக உரிமையாளருக்குத்தான் போக வேண்டும். "என் கணக்கில் போடுங்க, நான் கொடுத்துடறேன்" என்பவர் பதிவு பெற்றவராகவே இருந்தாலும் விதியை மீறுகிறார். உரிமையாளர் என்று சொல்பவர் உண்மையில் உரிமையாளரா என்பதை நில ஆணையத்தின் இணையச் சேவையில் சிறு கட்டணம் கட்டிப் பார்த்துவிடலாம். வீட்டை நேரில் பார்க்காமல், அல்லது நம்பிக்கையான ஒருவரை அனுப்பிப் பார்க்காமல், ஒரு வெள்ளியும் அனுப்ப வேண்டாம். சந்தேகம் என்றால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு.

வீடு பார்க்கப் போகும்போது உள்ளே நுழையுமுன் இரும்புக் கேட்டையும் கதவுச் சட்டத்தையும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பது என் வழக்கம். புதுப் பெயின்ட் அடித்த கேட்டின் கீல் இடுக்கில் சிவப்புத் துளிகள் ஒட்டியிருந்தாலோ, மாடிப்படிச் சுவரில் ஒரு சதுரம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தாலோ, முன்பு குடியிருந்தவர் ஆலோங்கிடம், அதாவது உரிமம் இல்லாத கந்துவட்டிக்காரரிடம், கடன் வாங்கியிருக்க வாய்ப்புண்டு. கடனைக் கேட்டு மிரட்ட, கேட்டில் பெயின்ட் ஊற்றி, சுவரில் கிறுக்கிவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். ஆள் போய்விடுவார், முகவரி அங்கேயே இருக்கும். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் "முன்னாடி யாரு இருந்தாங்க?" என்று கேட்டால் உரிமையாளர் சொல்லாததெல்லாம் வந்துவிடும். 2012 முதல் புளோக்குகளிலும் பலமாடிக் கார் நிறுத்தங்களிலும் காவல்துறைக் கேமராக்கள் வந்தபின் சுவரில் கிறுக்குவது அவர்களுக்குச் சுலபமில்லை. அப்படியும் வந்தால் படம் எடுங்கள், போலிசில் புகார் கொடுங்கள், உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 'தொல்லை தீரட்டும்' என்று அடுத்தவர் கடனில் ஒரு காசு கட்டினாலும் அவர்கள் உங்களை விடமாட்டார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உரிமம் உள்ள கடன் நிறுவனம் குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ விளம்பரம் செய்ய அனுமதி இல்லை. அப்படி வருவது யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டை வாடகைக்கு விடும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நம்ம ஊர்ப் பையன்தான், தெரிஞ்சவர் அனுப்பினார்" என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். வேலை அனுமதி அட்டையின் அசலைப் பாருங்கள், கடப்பிதழோடு ஒப்பிடுங்கள், மனிதவள அமைச்சின் அல்லது குடிநுழைவு ஆணையத்தின் இணையச் சேவையில் சரிபாருங்கள். மூன்றையும் செய்ய வேண்டும். அனுமதி முடிந்தும் தங்கியிருப்பவருக்கு இடம் கொடுத்தால் வழக்கு உங்கள் மேலும் பாயும். அவ்வப்போது வீட்டைப் போய்ப் பார்த்தும் வாருங்கள். மூன்று பேர் என்று கையெழுத்தான வீட்டில் ஏழு மெத்தை கிடப்பது புதிதல்ல.

காரிடாரில் விட்ட சைக்கிள், காலணி அடுக்கு, வாசலில் வைத்த பார்சல் எல்லாம் காணாமல் போவது உண்டு. பூட்டுங்கள், உள்ளே எடுத்து வையுங்கள், அவ்வளவுதான்.

வீடு கைக்கு வந்த அன்றே பூட்டை மாற்றுங்கள். பழைய வாடகைக்காரர், அவருடைய அறைத்தோழர், சுத்தம் செய்ய வந்தவர் என்று எத்தனை பேரிடம் சாவி இருக்கிறது என்பது உரிமையாளருக்கே தெரியாது. செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன்பே பேசிவிடுங்கள். டிஜிட்டல் பூட்டு என்றால் பழைய கைரேகைகளையும் ரகசிய எண்ணையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும். எப்படி என்று தெரியவில்லையா, சாவி வாங்கும்போதே முகவரைச் செய்துதரச் சொல்லுங்கள். கமிஷன் வாங்குகிறோமே, இதைக்கூடச் செய்ய மாட்டோமா?