36 சதவீதம் என்றால், எதில் 36?

‘2 ஃபாஸ்ட் 2 ஃப்யூரியஸ்’ 2003 ஜூன் 6ஆம் தேதி அமெரிக்காவில் வெளியானது. இன்று அந்தப் படத்தின் பெயரை இணையத்தில் தேடினால் மூன்று தீர்ப்புகள் கண்ணில் படும். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் சுமார் 36 சதவீதம். அதே வேலை செய்யும் மெட்டாகிரிட்டிக்கில் 100க்கு 38. ரசிகர்களிடம் கிரேடு கேட்கும் சினிமாஸ்கோரில் ‘ஏ மைனஸ்’. முதல் இரண்டையும் பார்த்தால் படம் தேறாத கேஸ். மூன்றாவதைப் பார்த்தால் தியேட்டரில் கைதட்டு விழுந்த படம். இதில் யார் பொய் சொல்கிறார்கள்? யாருமே இல்லை. மூன்றும் மூன்று வேறு விஷயங்களை அளக்கின்றன. வெளியே வரும் எண்கள் மட்டும் ஒரே ஜாடையில் இருப்பதால்தான் குழப்பம்.

படம் தெரியாதவர்களுக்கு: மயாமி நகரத் தெருக்களில் ராத்திரி கார் பந்தயம். போதைப்பொருள் முதலாளி ஒருவனைப் பிடிக்க, பால் வாக்கரும் டைரீஸ் கிப்சனும் அவனிடம் டிரைவர்களாகச் சேர்கிறார்கள். கடைசியில் ஒரு கமாரோ கார் கரையிலிருந்து பறந்து போய், ஓடிக்கொண்டிருக்கும் சொகுசுப் படகின் மேல் விழுகிறது. இவ்வளவுதான் கதை. 2001இல் வந்த முதல் பாகத்தை இயக்கிய ராப் கோஹன் இதில் இல்லை, வின் டீசலும் இல்லை. இயக்கியவர் ஜான் சிங்கிள்டன். தன் முதல் படத்துக்கே, 24 வயதில், சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர்.

சரி, முதலில் அந்த 36. ராட்டன் டொமேட்டோஸ் 1998இல் தொடங்கிய தளம். அது ஒவ்வொரு விமர்சனத்தையும் எடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது: இவருக்குப் படம் தேவலையா, இல்லையா? தேவலை என்றால் சிவப்புத் தக்காளி, இல்லையென்றால் நசுங்கிய பச்சை. சிவப்புகளை எண்ணி மொத்தத்தால் வகுத்தால் வருவதுதான் சதவீதம். அது 60ஐத் தொட்டால் படத்துக்கே சிவப்புத் தக்காளி. ஆக, 36 என்பது படம் எடுத்த மதிப்பெண் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் தேர்ச்சி விகிதம் மாதிரி அது. நூறு பிள்ளைகளில் எத்தனை பேர் பாஸ் என்று சொல்லும். ஒவ்வொருவரும் எத்தனை மார்க் வாங்கினார்கள் என்று சொல்லாது. எல்லாரும் 36 மார்க் வாங்கிய பள்ளிக்கூடத்திலும் நூறு சதவீதத் தேர்ச்சிதான்.

இந்தச் சல்லடையில் ஒரு விமர்சனம் எப்படி விழுகிறது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். சிகாகோவின் பிரபல விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்தப் படத்துக்கு நாலுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். படத்துக்கு மூளையே கிடையாது என்று எழுதிவிட்டு, ஆனால் திறமையோடும் அழகோடும் எடுத்திருக்கிறார்கள், வேகத்துக்குக் குறைவில்லை என்று முடித்தார். ஒரே மூச்சில் திட்டும் பாராட்டும். ராட்டன் டொமேட்டோஸில் இது ஒரு முழுச் சிவப்புத் தக்காளி. திட்டு மொத்தமும் காற்றோடு போயிற்று. மெட்டாகிரிட்டிக்கில் மூன்று நட்சத்திரம் 75 ஆக மாறிப் போய்ச் சேர்கிறது. நம் ஊரில் ‘ஒரு தடவை பார்க்கலாம்’ என்று முடியும் விமர்சனத்தை யோசித்துப் பாருங்கள். அது சிவப்பா, பச்சையா? இந்த மாதிரிப் படங்களுக்கு வரும் விமர்சனங்களில் நிறைய அந்த எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பவைதான்.

எல்லைக்கோட்டில் கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கணக்கின் சுவாரஸ்யமான இடம். ஒரு படத்துக்கு விமர்சகர்கள் மனசில் வைத்திருக்கும் மதிப்பெண்களின் சராசரி பத்துக்கு 5.5 என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவை அதற்கு ஒன்றரை மதிப்பெண் மேலே கீழே மணிவடிவ வளைவாகப் பரவியிருக்கட்டும். பாஸ் மார்க் 6. அப்படியானால் சுமார் 37 சதவீதம் பேர் கோட்டைத் தாண்டுவார்கள். சராசரியை ஒரே ஒரு மதிப்பெண் உயர்த்தி 6.5 ஆக்குங்கள். சதவீதம் 63க்குத் தாவிவிடும். பத்துக்கு ஒரு மதிப்பெண் கூடியதில் சதவீதத்தில் 26 புள்ளி ஏற்றம். அதே ஒரு மதிப்பெண், சராசரி 8.5இலிருந்து 9.5க்குப் போகும்போது கூடினால், 95 சதவீதம் 99 ஆகும், அவ்வளவுதான். நடுவில் செங்குத்து, ஓரங்களில் சமதளம். சுமாரான படங்களை இந்த முறை ஒன்று தரையில் தள்ளும், இல்லை தலையில் தூக்கி வைக்கும். சுமாரை சுமார் என்று மட்டும் சொல்லாது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. இதே வரிசையில் 2011இல் வந்த ஐந்தாம் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராட்டன் டொமேட்டோஸில் சுமார் 78 சதவீதம், மெட்டாகிரிட்டிக்கில் 66. இரண்டாம் பாகத்தோடு ஒப்பிட்டால் மெட்டாகிரிட்டிக்கில் ஏற்றம் 28 புள்ளி. ராட்டன் டொமேட்டோஸில் 42. விமர்சகர்கள் கூட்டம் ஏறக்குறைய அதேதான், அவர்கள் மனம் மாறிய அளவும் அதேதான். ஒரு கருவி மட்டும் அதை ஒன்றரை மடங்காகக் காட்டுகிறது.

2001இல் வந்த மெட்டாகிரிட்டிக் சராசரி எடுக்கிறது. இன்னாருக்கு இவ்வளவு எடை என்று கூட்டிக் குறைத்து எடுக்கும் சராசரி. எடை எவ்வளவு என்று வெளியே சொல்வதில்லை. எனக்கு அது கொஞ்சம் உறுத்தல்தான். நட்சத்திரமே போடாமல் எழுதும் விமர்சகருக்கு, கட்டுரையைப் படித்துப் பார்த்துத் தளத்துக்காரர்களே ஒரு எண் போடுகிறார்கள். அப்புறம் இன்னொன்று, எந்த அளவுகோலுக்கும் அதற்கென்று ஒரு பழக்கம் உண்டு. விகடன் விமர்சனத்தில் 45 வாங்கினால் நல்ல படம் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஈபர்டே ஒரு முறை சொன்னார்: நட்சத்திரம் என்பது ஒப்பீடு, சூப்பர்ஹீரோ படத்தை இன்னொரு சூப்பர்ஹீரோ படத்தோடு ஒப்பிட்டுத்தான் போடுகிறேன் என்று. எல்லாரும் அப்படிப் போடுவதில்லை. சிங்கிள்டனின் பழைய படத்தை மனசில் வைத்துக்கொண்டு வந்தவருக்குப் பறக்கும் கமாரோ எரிச்சலூட்டியிருக்கும். வேறு கார் படங்களை மனசில் வைத்து வந்தவருக்கு அதுவே விருந்து. இரண்டு பேரின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது எதன் அளவு?

சினிமாஸ்கோர் விமர்சகர்கள் பக்கமே போவதில்லை. படம் வெளியாகும் நாளில் தியேட்டருக்கு ஆள் அனுப்பி, பார்க்க வந்தவர்களிடம் ஓர் அட்டையைக் கொடுத்து கிரேடு கேட்கிறது. இங்கேதான் தேர்வுச் சார்பு என்று புள்ளியியல்காரர்கள் சொல்வது வருகிறது. விமர்சகர் வேலைக்காகப் படம் பார்ப்பவர். வாரம் எத்தனை வந்தாலும் பார்த்தாக வேண்டும். முதல் நாள் டிக்கெட் எடுப்பவரோ கார் பந்தயம் வேண்டும் என்றே வந்தவர். கேட்டது கிடைத்ததா என்பதுதான் அவருக்கான கேள்வி. கிடைத்தது. அதனால் ஏ மைனஸ். அந்தக் கூட்டத்தில் ‘பி’ வந்தாலே அது உற்சாகமான செய்தி இல்லை. ‘சி’ வந்தால் படத்துக்கு ஆபத்து.

இரண்டாம் பாகம் என்றாலே ஏன் சறுக்குகிறது என்பதற்கும் இதே குடும்பத்துக் காரணம் ஒன்று உண்டு. எந்த வெற்றியிலும் கொஞ்சம் தரம், கொஞ்சம் அதிர்ஷ்டம். ஓடாத படத்துக்கு யாரும் இரண்டாம் பாகம் எடுப்பதில்லை. அதாவது, அதிர்ஷ்டம் அடித்த படங்களை மட்டும் பொறுக்கி எடுத்துத்தான் தொடர்ச்சி வருகிறது. அடுத்த முறை அதே அளவு அதிர்ஷ்டம் அடிக்க வேண்டிய கட்டாயம் இல்லையே. திறமை துளியும் குறையாவிட்டாலும் பொதுவாக எண் இறங்கும். முதல் பாகம் 3.8 கோடி டாலரில் எடுத்து உலகம் முழுக்க 20.7 கோடி வசூலித்தது. இரண்டாம் பாகம் 7.6 கோடியில் எடுத்து 23.6 கோடி. வசூல் ஏறியிருக்கிறது, ஆனால் போட்ட காசுக்கு ஐந்து மடங்குக்கு மேல் வந்தது மூன்று மடங்காகிவிட்டது.

அப்படியானால் விமர்சனம் வசூலைக் கெடுக்குமா? எலியாஷ்பெர்க், ஷுகன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1997இல் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். விமர்சனத்துக்கும் முதல் வாரங்களின் வசூலுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. பிந்தைய வாரங்களின் வசூலோடும் மொத்த வசூலோடும் தொடர்பு தெரிந்தது. விமர்சகர் சொல்லித்தான் கூட்டம் நின்றது என்றால் அடி முதல் வாரமே விழுந்திருக்க வேண்டும். எனவே, விமர்சகர்கள் கூட்டத்தைத் திருப்புகிறவர்கள் என்பதைவிட, கூட்டம் எப்படிப் போகும் என்பதை முன்கூட்டிக் காட்டுகிறவர்கள் என்று அந்த ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

நம் படம் இதற்குப் பொருந்துகிறது. முதல் பாகம் அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 4 கோடி டாலர், மொத்தம் 14.4 கோடி. இரண்டாம் பாகம் முதல் வார இறுதியில் 5 கோடி, மொத்தம் 12.7 கோடி. திறப்பு பெரிது, முடிவு சிறிது. மொத்த வசூலில் 40 சதவீதம் அந்த மூன்றே நாளில் வந்துவிட்டது. ஏ மைனஸ் போட்ட ரசிகர்கள் எல்லாரும் முதலிலேயே வந்து போய்விட்டார்கள். அவர்களுக்கு அடுத்த வட்டத்தில் இருந்தவர்களுக்கு அதற்கு முந்தைய வாரம் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் குறைவைச் சரிக்கட்டியது வெளிநாடு. முதல் பாகத்துக்கு அங்கே வந்தது 6 கோடிக்குச் சற்று மேல். இரண்டாம் பாகத்துக்கு 10.9 கோடி. அதனால் மூன்றாம் பாகத்துக்குக் கதவு திறந்தே இருந்தது. 2006இல் டோக்கியோவில் நடக்கும் கதையாக, பால் வாக்கர் இல்லாமல் அது வந்தது. ராட்டன் டொமேட்டோஸில் 38 சதவீதம், கிட்டத்தட்ட இரண்டாம் பாகத்தின் அதே எண். அமெரிக்காவில் வசூல் மட்டும் 6.2 கோடி, ஏறக்குறைய பாதி.