ஃபேன் ரிலேயை மாற்றினால் மட்டும் போதாது: மலைச்சாலையில் கார் ஓட்டுவோருக்கு ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் குறிப்புகள்

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் சாலை நீளத்தில் பெரியதன்று. ஆனால் அந்தச் சிறிய தூரத்துக்குள்ளேயே கம்பம் பள்ளத்தாக்கின் தரையை விட்டுக் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்துக்கு வண்டி ஏறிவிட வேண்டியிருக்கிறது. தேனியிலிருந்து கூடலூர் வரை சமவெளியில் எந்தக் குறையும் காட்டாமல் வந்த கார், இரண்டாம் கியரில் மூச்சு வாங்கி ஏறும்போது வெப்பமுள்ளைச் சிவப்புக் கோட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறது என்றால், ஓட்டுபவர்கள் முதலில் ரேடியேட்டரைத்தான் சந்தேகிக்கிறார்கள். கூடலூரில் பட்டறை வைத்திருக்கும் நான் பார்த்த அளவில், அத்தகைய வண்டிகள் பலவற்றில் ரேடியேட்டரும் அதில் ஓடும் குளிர்விப்பு நீரான கூலன்ட்டும் நன்றாகவே இருக்கும். ரேடியேட்டர் ஃபேனுக்கு மின்சாரம் விடும், தீப்பெட்டி அளவே உள்ள ஃபேன் ரிலேதான் வேலையை நிறுத்தியிருக்கும்.

சமவெளியில் அந்தக் குறை ஏன் தெரியவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரில், எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடுவதால் ஃபேன் சுழல வேண்டிய தேவை அரிதாகவே ஏற்படுகிறது. மலையேற்றத்தில் என்ஜின் தன் முழுப் பலத்தையும் கொடுத்து அதிக வெப்பத்தை உண்டாக்கும். வண்டியோ மணிக்கு 20 கிலோமீட்டர்கூடப் போகாது. அதற்கு மேல், கொண்டை ஊசி வளைவில் முன்னால் ஒரு லாரி திணறி நின்றுவிட்டாலோ, குமுளி சோதனைச்சாவடிக்கு முன் வரிசை நீண்டுவிட்டாலோ, காற்று தருவதற்கு ஃபேனைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஃபேன் பல வாரங்களாகவே ஓடாமல் இருந்திருக்கலாம். மலைதான் அதை வெளிக்காட்டுகிறது.

கார்த்திகை பிறந்தது முதல் மகரவிளக்கு வரை சபரிமலைக்குச் செல்லும் வண்டிகளால் இந்த வரிசை இன்னும் நீளும். கூட்டம் மிகும் நாட்களில் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள் என்பதால், குமுளிச் சாலையை எதிர்பார்த்து வந்தவர்கள் அதைவிட நெடிய ஏற்றத்தில் ஏற வேண்டியிருக்கும். ஐந்து பேரும் கூரைமேல் மூட்டையும் ஏற்றி, ஏசியையும் போட்டுக்கொண்டு அந்த ஏற்றத்தில் செல்லும் சிறிய காருக்கு ஃபேன் இல்லாமல் தப்பிக்க வழியே இல்லை.

ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புகளுக்கு நான் இங்கே சொல்வது பொருந்தாது. அவற்றின் ஃபேன் பெல்ட்டின் மூலம் என்ஜினோடு சேர்ந்து சுழல்வதால், பெல்ட் இருக்கும் வரை ஃபேனும் ஓடும். என்ஜின் குறுக்காகப் பொருத்தப்பட்ட முன்சக்கர இயக்கக் கார்களில்தான் ஃபேனுக்கு என்று தனி மின்மோட்டாரும் அதை இயக்க ரிலேயும் உள்ளன. இன்று இந்த மலையில் ஏறும் குடும்பக் கார்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை.

ரிலேயின் வேலை எளிமையானது. ஃபேன் மோட்டார் ஓடும்போது சிறிய காரிலேயே 10 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைப்போல் சில மடங்கு இழுக்கும். அவ்வளவு மின்சாரத்தை என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ நேரடியாகக் கொடுக்க முடியாது. ஆகவே அது ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலுக்கு ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவே கொடுக்கிறது; காயில் காந்தமாகி ஒரு காண்டாக்டை (தொடுமுனையை) இழுத்து மூட, பேட்டரியின் மின்சாரம் அதன் வழியே மோட்டாருக்குப் போகிறது. வழக்கமான ரிலேயின் அடியில் உள்ள எண்களில் 30 என்பது பேட்டரியிலிருந்து வருவது, 87 மோட்டாருக்குப் போவது, 85-உம் 86-உம் காயிலின் இரு முனைகள். சிறிய வகை ரிலேக்களில் இதே இடங்களை 3, 5, 2, 1 என்று குறித்திருப்பார்கள்.

சோதனையை ஃபியூஸிலிருந்து தொடங்க வேண்டும். ஃபியூஸ் போயிருந்தால் ரிலேயைத் தொடவே கூடாது. மோட்டார் இறுகியிருக்கிறதா, ஒயர் எங்கேனும் உரசி வண்டியின் உடம்பில் படுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஃபியூஸ் நன்றாக இருந்தால் ஏசியைப் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ஃபேனும் ஓட வேண்டும். ஏசிக்கு ஓடி, சூட்டுக்கு மட்டும் ஓடவில்லை என்றால் குறை பெரும்பாலும் வெப்பநிலை சென்சாரிலோ, இரண்டு ரிலே உள்ள வண்டியில் அவற்றுள் ஒன்றிலோ இருக்கும். பல கார்களில் சென்சாரின் கப்ளரைக் கழற்றிவிட்டால் ஈசியூ பாதுகாப்புக்காகத் தானே ஃபேனை ஓட்டிவிடும் என்பதும் உதவும் ஒரு குறிப்பு. இரண்டு வழியிலும் ஃபேன் அசையவில்லை என்றால் அடுத்து ரிலே. அதே பெட்டியில் ஹாரனுக்கோ வேறொன்றுக்கோ அதே பார்ட் எண்ணுள்ள ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் விரைவான சோதனை. அதே எண் என்பதை அழுத்திச் சொல்கிறேன்: சில ரிலேக்களின் காயிலுக்குக் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடு இருக்கும்; முனைகள் மாறிய ரிலேயைச் சொருகினால் ஈசியூவின் உள்ளேயே சேதம் ஏற்படலாம்.

ரிலேயைக் கழற்றிவிட்டு, 30 இருக்கும் குழியில் எப்போதும் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்த பின், 30 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்திய தடித்த ஒயரால் 30-ஐயும் 87-ஐயும் இணைத்தால் ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் மோட்டாரும் எர்த்தும் வேலை செய்கின்றன. காயில் பக்கத்தை மல்டிமீட்டரால் மட்டுமே சோதிக்க வேண்டும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பை ஈசியூவின் கட்டுப்பாட்டு ஒயரில் வைக்கும் பழக்கத்தைப் பட்டறைகள் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அந்தப் பல்பு இழுக்கும் மின்சாரம் ஈசியூ தாங்கும் அளவைவிட அதிகமாக இருக்கக்கூடும். காயிலின் மின்தடை பொதுவாக 70 முதல் 120 ஓம் வரை இருக்கும். முடிவில்லாத அளவைக் காட்டினால் காயில் அறுந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ரிலேயை மேசைமேல் வைத்து 12 வோல்ட் கொடுத்தால் டிக் என்ற ஓசை கேட்கிறது. மீட்டரும் காண்டாக்ட் மூடியதாகப் பீப் ஒலிக்கிறது. ஆகவே ரிலே நல்லது என்று சொல்லிவிடுகிறார்கள். மீட்டர் அனுப்புவதோ மிகச் சிறிய மின்னோட்டம். கருகிப் பள்ளம் விழுந்த காண்டாக்ட் அதைக் கடத்திவிடும். 15 ஆம்பியரைக் கடத்தாது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது 30-க்கும் 87-க்கும் இடையே மீட்டரை வைத்து எத்தனை வோல்ட் இழக்கப்படுகிறது என்று பார்ப்பதே சரியான சோதனை. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. அரை வோல்ட் காட்டினால், 15 ஆம்பியரில் அது ஏழரை வாட் வெப்பம். அந்தச் சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அவ்வளவு வெப்பம் தொடர்ந்து உண்டானால், ரிலேயோடு அது சொருகியிருக்கும் ஃபியூஸ் பாக்ஸும் உருகத் தொடங்கும். மற்றொன்று, செம்புக் கம்பியின் மின்தடை சூட்டில் உயரும் என்பதால், காலையில் குளிர்ந்த வண்டியில் இழுக்கும் பலவீனமான காயில், மலையேறிச் சூடான என்ஜின் அறையில் இழுக்காமல் போகலாம். ஆகவே குளிர்ந்த நிலையில் மட்டும் சோதித்து வண்டியைத் திருப்பிக் கொடுப்பது சரியன்று.

ரிலே கெட்டது உறுதியானால், புதியதைச் சொருகுவதற்கு ஐந்து நிமிடம் போதும். என்னுடைய வலியுறுத்தல் அதற்கு முந்தைய கேள்வியைப் பற்றியது: இந்த ரிலே ஏன் எரிந்தது? பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்ததாக இருக்கலாம். ஆனால் காண்டாக்ட் கருகியிருந்தாலோ, முனைகள் நீலம் பாய்ந்திருந்தாலோ, அநேகமாகக் குற்றம் மோட்டாரில் இருக்கும். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, கார்பன் பிரஷ் குட்டையாகி, தூசி அடைத்துச் சுழலத் திணறும் மோட்டார், முன்பைவிட அதிக மின்சாரம் இழுக்கும். நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஃபேன் ஒயரில் மாட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அந்த மாடலுக்கு உரிய அளவைவிடக் கணிசமாக அதிகம் காட்டினால், மோட்டாரை மாற்றாமல் ரிலேயை மட்டும் மாற்றுவது வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குவதாகும். அதே போல், சாக்கெட்டின் பித்தளைக் கவ்விகள் தளர்ந்திருந்தாலோ பச்சை பூத்திருந்தாலோ அங்கும் சூடு உண்டாகும். பவுனுக்குச் சமமாகக் காரைப் போற்றுபவர்கள்கூட என்ஜின் அறைக்குள் அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். அந்தப் பச்சையின் மூலம் பெரும்பாலும் அதுதான். காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு, சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருப்பதும் உண்டு. கவனிக்காமல் விட்டால் ஓரிரவில் பேட்டரி முழுவதும் இறங்கிவிடும்.

இனி, நான் மிகவும் அஞ்சும் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாலை அணிந்த குழுவை ஏற்றி வந்த ஓட்டுநர் ஒருவர், "அண்ணே, விடியிறதுக்குள்ள எருமேலி போயாகணும், ஃபேனை டைரக்ட் போட்டு விட்ருங்க" என்று கேட்டார். அவருடைய அவசரம் எனக்குப் புரிந்தது. "தம்பி, அரை மணி நேரம் உட்காருங்க, சரியா முடிச்சே தர்றேன்" என்று சொல்லி ரிலேயைப் பார்த்தபோது, வேறோர் ஊரில் யாரோ ஏற்கெனவே டைரக்ட் போட்டிருந்தது தெரிந்தது. ஹெட்லைட்டுக்குப் பயன்படும் மெல்லிய ஒயரைப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் இழுத்து, டேஷ்போர்டில் ஒரு சிறு சுவிட்ச் வழியாக மோட்டாருக்குக் கொடுத்திருந்தார்கள். சுவிட்சின் பின்புறம் உருகி, ஒயரின் உறை இளகிக் கார்ப்பெட்டில் ஒட்டியிருந்தது. பயணிகளின் காலடியில் தீப்பிடிக்க அதற்கு மேல் அதிகம் தேவைப்பட்டிருக்காது. தீப்பிடிக்காவிட்டாலும், சுவிட்சைப் போட ஓட்டுநர் ஒரு முறை மறந்தால் என்ஜின் தலைப்பகுதியின் அடைப்பான ஹெட் கேஸ்கெட் போய்விடும். சில நூறு ரூபாய் ரிலேக்குப் பதிலாகப் பல ஆயிரம் ரூபாய் வேலை அது.

வேறு வழியே இல்லாத இரவில், ரிலே சாக்கெட்டிலேயே 30-ஐயும் 87-ஐயும் இணைத்துவிடுவதை மட்டும் நான் ஏற்கிறேன். வண்டியின் சொந்த ஃபியூஸ் அந்தப் பாதையில் இருந்து காவல் காப்பதால். அப்போதும் ஒயர் தடித்ததாக இருக்க வேண்டும். வண்டியை நிறுத்தும்போது கழற்ற வேண்டும் என்று எழுதி ஸ்டியரிங்கில் ஒட்ட வேண்டும். சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதோ, ஃபியூஸைப் பெரிய அளவில் போடுவதோ எந்த அவசரத்துக்கும் தீர்வாகாது.

மலையில் முள் ஏறும்போது பட்டறை அருகில் இருக்காது. உடனே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, உள் ஃபேனை முழு வேகத்தில் போட்டால் என்ஜினின் வெப்பம் சிறிதளவு உள்ளே வந்துவிடும். வியர்த்தாலும் என்ஜின் பிழைக்கும். பாதுகாப்பான அகன்ற இடத்தில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, முக்கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைத்திருப்பதால், நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும்; மூடியைத் திறந்த கணத்தில் அது ஆவியாகி முகத்திலும் கையிலும் பாயும். சூடான என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடாது. புதிய கார்கள் பலவற்றில் முள்ளே இல்லை. சிவப்பு விளக்கு மட்டும்தான். அந்த விளக்கு எரிந்தால் அடுத்த வளைவு வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காமல் நின்றுவிட வேண்டும். கூலன்ட் முழுவதும் கசிந்துபோயிருந்தால் சென்சார் நீரில் படாமல் பொய்யான அளவு காட்டவும் கூடும் என்பதால், முள் இறங்கியதை மட்டும் நம்பிப் புறப்படக் கூடாது.

ஃபேனுக்கு அருகில் கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். சாவி கையில் இருந்தாலும் சில கார்களில் ஃபேன் திடீரென்று சுழலும். துண்டு, வேட்டி முனை, கழுத்து மாலை ஆகியவற்றை ஒதுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். மாலை போட்ட சாமிகள் தாங்களே பானெட்டுக்குள் குனிந்து பார்ப்பதைச் சீசனில் நாள்தோறும் காண்கிறேன்.

புதிய ரிலேயைப் பொருத்திய பின், என்ஜினை நின்ற நிலையிலேயே ஓடவிட்டு, ஃபேன் தானாக ஓடித் தானாக நிற்பதை இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். பிறகு ஏசியுடன் பத்து நிமிடம் ஓடவிட்டு ரிலேயைத் தொட்டால் இளஞ்சூடு இருக்கலாம்; விரல் வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது. வாங்கும்போது அதே எண்ணில் இரண்டாக வாங்கி, ஒன்றை டேஷ்போர்டு பெட்டியில் வைத்து, ஃபியூஸ் பாக்ஸில் அதன் இடம் எது என்பதையும் ஒரு தாளில் எழுதி உடன் வைத்துவிடச் சொல்கிறேன். குமுளி தாண்டி வண்டிப்பெரியாறு, பீருமேடு, குட்டிக்கானம் என்று போகும் வழியில், நள்ளிரவில் உங்கள் காருக்கு உரிய ரிலே கடையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.